லொறியில் இருந்து விழுந்த கோழிக்குஞ்சு எதையும் தின்னுதில்லை, என்ன செய்யலாம்?

2024 ஜூன் 9, இரவு 8.10

இன்று பின்னேரம் ஆரையம்பதியில் பிரதான வீதியோரம் ஒரு கோழிக்குஞ்சு கிடந்தது. கல்முனைப் பக்கம் இருந்து கோழிக்கூடைகள் அடுக்கிய லொறி ஒன்று போனது, அதில் இருந்துதான் விழுந்திருக்க வேண்டும். பின்னால் வந்த ஓட்டோ மட்டுமட்டாக விலத்திப் போனது. தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். வெள்ளை நிறம், மஞ்சள் கால், இடது செட்டையில் தோல் உரிந்து இரத்தம். கால் முறிந்ததாகத் தெரியவில்லை, இரண்டையும் ஊன்றுகிறது.

எங்கள் வீட்டில் கோழி வளர்த்ததே இல்லை. சோறு வைத்தேன், பாலில் நனைத்த பாண் வைத்தேன், தேங்காய்ப்பூ வைத்தேன். ஒன்றையும் தொடவில்லை, தண்ணீரும் குடிக்கவில்லை. மட்டைப்பெட்டிக்குள் பழைய சாரம் ஒன்றை விரித்து விட்டிருக்கிறேன், மூலையில் ஒடுங்கி நிற்கிறது. உள்ளே அடிபட்டிருக்குமா? இரவைக்கு என்ன செய்ய வேண்டும்? வளர்த்தவர்கள் சொல்லுங்கள்.

ஜூன் 9, இரவு 11.40

குஞ்சுக்குச் சூடு வேண்டும், 60 வாட் பல்ப் போடு என்று மூன்று பேர் சொன்னதால் போட்டிருக்கிறேன். தண்ணீரை வாய்க்குள் ஊற்ற வேண்டாம் என்று ஒருவர் எழுதியது நல்ல வேளை, ஸ்பூனை எடுத்துவிட்டேன். நாக்குக்குப் பின்னாலேயே மூச்சுக்குழலின் வாய் இருக்கிறதாம், ஊற்றினால் தண்ணீர் நெஞ்சுக்குள் போய்விடும். சொண்டின் நுனியை மட்டும் தொட்டு நனைத்தேன். ஒரு தடவை விழுங்கியது.

அம்மம்மா எழும்பி வந்து பார்த்தார். அவர் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரையில் பிறந்து வளர்ந்தவர், சின்ன வயதில் கோழிகளோடு கிடந்தவர். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "மனே, அதுக்குப் பசி இல்ல, பயம். மூடி வை" என்றார். பெட்டியின் மேலே ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டுப் படுக்கிறேன்.

ஜூன் 10, காலை 6.30

உயிரோடு இருக்கிறது! தண்ணீர்ச் சட்டி பாதி காலி.

எச்சம் பச்சையாக இருக்கிறது. விஷம் தின்றிருக்குமோ?

ஜூன் 10, பகல்

பச்சை எச்சத்துக்குப் பதில் கிடைத்தது. வயிற்றில் தீன் இல்லாதபோது பித்தம் மட்டும் வெளியே வரும், அதனால் பச்சை. தின்னத் தொடங்கினால் மாறும். பத்து மணிக்குக் குருணல் அரிசியைக் கையில் வைத்து நீட்டினேன், கொத்தியது. உள்ளங்கையில் சொண்டு படுவது இவ்வளவு மெதுவாக இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

பால்பாணை எடுத்து வீசிவிட்டேன். பறவைகளுக்குப் பால் செரிக்காதாம், வயிற்றால் போகும். நேற்று இரவு நான் வைத்ததைப் பார்த்து இன்னொருவரும் வைத்துவிடக்கூடாது என்பதற்காக இங்கே எழுதுகிறேன். செட்டைப் புண்ணை ஆறவைத்த உப்புநீரில் கழுவி, இலையான் மொய்க்காமல் பெட்டிக்கு நுளம்புவலை போட்டிருக்கிறேன். இந்தச் சூட்டில் புண்ணில் இலையான் முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைத்துவிடும்.

பல்பையும் நிறுத்திவிட்டேன், இரவு முழுக்க வாயைத் திறந்து மூச்சு வாங்கியிருக்கிறது. பல்ப் தேவை பொரித்த புதிதில்தான். முதல் கிழமை 32 முதல் 35 பாகை வரை சூடு வேண்டும், பிறகு கிழமைக்கு மூன்று பாகை அளவில் குறைத்துக்கொண்டு வருவார்கள். இதற்கு முதுகிலும் செட்டையிலும் இறகு வந்துவிட்டது. சொன்னவர்கள் மேல் பிழை இல்லை. 'குஞ்சு' என்று மட்டும் எழுதிவிட்டு அளவு சொல்லாமல் விட்டது நான்தான்.

ஜூன் 12

காத்தான்குடியில் நாங்கள் வழமையாகக் கோழி வாங்கும் கடைக்குப் பெட்டியோடு கொண்டுபோனேன். கடைக்காரக் காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) அதன் நெஞ்சைத் தடவி, காலைப் பிடித்துப் பார்த்தார். "தம்பி, இது ஊர்க்கோழிக் குஞ்சு இல்ல. புறொய்லர். முப்பத்தஞ்சு நாள் இருக்கும்." தராசில் வைத்தால் 1 கிலோ 700. அந்த வயதில் ஒரு ஊர்க்கோழிக் குஞ்சு ஒரு கைக்குள் அடங்கிவிடும்.

தலைப்பை மாற்றச் சொல்கிறார்கள். மாற்ற மாட்டேன். இவ்வளவு பெரிய உடம்புக்குள் இருந்து வருவது இன்னும் 'கீச் கீச்' என்ற குஞ்சுச் சத்தம்தான். வயதாலும் அது குஞ்சுதான்.

வரும்போது புறொய்லர் தீன் 5 கிலோ வாங்கி வந்தேன். தட்டை நிரப்பி வைத்திருக்கிறேன். அக்காவின் பிள்ளைகள் வெள்ளச்சி என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

ஜூன் 17

ஐந்து நாளில் 400 கிராம் கூடியிருக்கிறது! காலையில் தொடங்கினால் பொழுது படும்வரை தின்கிறது. தட்டைக் காலியாக விடுவதே இல்லை. செட்டைப் புண்ணும் காய்ந்துவிட்டது. பிழைத்துவிட்டது என்று நினைக்கிறேன். உதவிய எல்லோருக்கும் இந்தச் செய்தி.

ஜூன் 18, மாலை

மேலே இருக்கும் நேற்றைய குறிப்பை நம்பி யாரும் நடக்க வேண்டாம்.

இன்று கச்சான் காற்று. மட்டக்களப்பில் இருப்பவர்களுக்கு அது என்னவென்று சொல்லத் தேவையில்லை, அடுப்பு வாசலில் நிற்பது போல. பகல் ஒரு மணிக்குப் பார்த்தால் வெள்ளச்சி செட்டையை இரண்டு பக்கமும் விரித்து, கழுத்தை நீட்டி, வாய் திறந்தபடி தரையோடு கிடக்கிறது. கொண்டை கறுத்த சிவப்பு. தூக்கினால் கால் தொங்குகிறது.

கோழிக்கு வியர்க்காது. வாயைத் திறந்து மூச்சு வாங்கியும், கொண்டை, கால் வழியாகவும்தான் சூட்டை வெளியே விடும். அதனால் காலை மட்டும் தண்ணீரில் வைக்கச் சொல்லி ஒருவர் உடனே எழுதினார். வேப்பமர நிழலில் பேசினுக்குள் இரண்டு அங்குலத் தண்ணீர் விட்டு, அதற்குள் நிற்கப் பிடித்துக்கொண்டிருந்தேன். அம்மம்மா ஒரு சாக்கை நனைத்துக் காற்று வரும் பக்கம் கட்டினார். நாலு மணிக்குத் தானாக எழுந்து இரண்டு அடி நடந்தது. நாளை மிருக வைத்தியரிடம் போகிறேன்.

ஜூன் 19

இது நீளும். இன்று கேட்டதை முழுவதும் எழுத வேண்டும்.

வைத்தியர் முதலில் கேட்டது, "எவ்வளவு தீன் போடுறீங்க?" தட்டு நிறைய என்றேன். அவர் பேனையை வைத்துவிட்டார்.

புறொய்லர் என்பது ஐந்து ஆறு கிழமையில் இறைச்சிக்குப் போவதற்கென்றே தெரிந்தெடுத்து உருவாக்கிய இனம். இறைச்சி வளரும் வேகத்துக்கு இதயமும் நுரையீரலும் கால் எலும்பும் ஈடுகொடுப்பதில்லை. தீனைக் கட்டுப்படுத்தாமல் விட்டால் இதயம் தளர்ந்து வயிற்றில் நீர் கட்டும், அல்லது ஒரு நாள் நின்ற நிலையிலேயே விழுந்து சாகும், அல்லது கால் மடிந்து எழும்ப முடியாமல் போகும். நேற்றுச் சூடு ஒரு காரணம் மட்டுமே. என் தட்டுத்தான் மற்றக் காரணம்.

நான் கேட்டேன், அப்படியானால் இந்தக் குஞ்சுகளின் தாய் தகப்பன் எப்படி முட்டையிடும் வயதுவரை உயிரோடு இருக்கின்றன? அதுவும் இதே உடம்புதானே? அவர் சொன்ன பதில் எனக்கு மறக்காது. தாய்க்கோழிப் பண்ணைகளில் தீனை அளந்துதான் போடுகிறார்கள். வயிறு நிறைய விட்டால் அவை முட்டையிடும் காலம்வரை தாங்காது என்பது அவர்களுக்குத் தெரியும்.

இரவு தேடிப் படித்தேன். கனடாவின் அல்பேர்ட்டாப் பல்கலைக்கழகத்தில் 1957, 1978, 2005 ஆண்டுகளின் இனக் கோழிகளை ஒரே தீனில், ஒரே விதமாக வளர்த்துப் பார்த்திருக்கிறார்கள். 2014இல் வெளிவந்த ஆய்வு. 56ஆம் நாளில் 1957 இனம் 905 கிராம், 1978 இனம் 1,808 கிராம், 2005 இனம் 4,202 கிராம். தீன் ஒன்றே என்பதால் வித்தியாசம் முழுக்கப் பிறவியில் இருக்கிறது. படித்துவிட்டுப் போய்ப் பெட்டியைத் திறந்து அதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அதற்குப் பசி அடங்காமல் இருப்பது அதன் குணமில்லை. அப்படி ஆக்கி வைத்திருக்கிறார்கள்.

வெள்ளச்சிக்கு வைத்தியர் சொன்ன அளவு ஒரு நாளைக்கு 100 கிராம். காலை 50, மாலை 50. புறொய்லர் தீனைச் சிறிது சிறிதாக நிறுத்தி, வளரும் கோழித் தீனுக்கு மாற்ற வேண்டும். முட்டைக்கோழித் தீன் இப்போது கூடாது, அதில் இருக்கும் கல்சியம் குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கீரை கொடுக்கலாம். இந்த அளவு வெள்ளச்சியின் நிறையைப் பார்த்துச் சொன்னது, உங்கள் கோழிக்கு உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள்.

கோழிக்கடைத் தராசில் நிறுக்கிறேன் என்றதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. பல பண்ணைக் கோழிகள் வந்துபோகும் இடத்துக்கு இதைக் கொண்டுபோவதும், அங்கே இருந்து நோயைப் பக்கத்து வீட்டுக் கோழிகளுக்குக் கொண்டுவருவதும் ஒன்றுதான். இரண்டு கிழமையாவது வேறு கோழிகளோடு சேர்க்கக் கூடாது. ஜூன் 12இல் நான் செய்தது பிழை.

ஜூன் 20

காக்காவிடம் விசயத்தைச் சொன்னேன். "அவர் சொல்றது சரிதான் தம்பி" என்று உள்ளே போய் ஒரு தூக்குத்தராசைக் கழுவித் துடைத்துத் தந்தார். இனி வீட்டில் துணித்தொட்டில் கட்டித்தான் நிறுவை.

ஜூன் 23

கோப்பி நிறத்தில், களியாக, தாங்க முடியாத நாற்றத்தோடு எச்சம். படம் போட்டிருக்கிறேன். நோயா?

ஜூன் 23, அரை மணி கழித்து

நோய் இல்லை. குடல்முனைப் பையில் இருந்து இடைக்கிடை வரும் எச்சம் அப்படித்தான் இருக்குமாம். இரத்தம் கலந்திருந்தால்தான் பயப்பட வேண்டும், அது இரத்தக்கழிச்சலாக இருக்கலாம், ஈர உமியில் வளரும் குஞ்சுகளுக்கு வருவது. படத்தை எடுத்துவிடுகிறேன், சாப்பிடும் நேரத்தில் பார்த்தவர்கள் மன்னிக்கவும்.

ஜூலை 2

அளந்து போடுவது எவ்வளவு கடினம் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. 50 கிராம் மூன்று நிமிடத்தில் முடிகிறது. பிறகு என் பின்னாலேயே வந்து காலைக் கொத்தி, முகத்தைப் பார்த்துக் கத்துகிறது. ஒரு உயிர் பசி என்று கேட்கும்போது இல்லை என்று சொல்லி எனக்குப் பழக்கம் இல்லை. எங்கள் வீட்டில் யார் வந்தாலும் முதல் கேள்வி 'சாப்பிட்டதா' என்பதுதான்.

இப்போது செய்வது இதுதான். தீனைத் தட்டில் வைப்பதில்லை. அரிசி ஆலையில் இருந்து கொண்டுவந்த உமியைத் தடிப்பாகப் பரப்பி அதற்குள் தூவிவிடுகிறேன். கிளறித் தேட முக்கால் மணி நேரம் போகிறது, காலும் நடக்கிறது. முருங்கையிலைக் கொத்தைக் கழுத்து உயரத்தில் கட்டித் தொங்கவிடுகிறேன், எட்டி எட்டித் தின்கிறது. கத்தல் பாதியாகக் குறைந்துவிட்டது.

இன்று இன்னொன்றும் நடந்தது. வேப்பமரத்தடியில் காய்ந்த மண்ணில் முதல்முறையாக விட்டேன். கொஞ்ச நேரம் அசையாமல் நின்றது. பிறகு ஒரு காலால் கீறியது. பிறகு மற்றக் காலால். திடீரென்று பக்கவாட்டில் சரிந்து, செட்டையால் மண்ணை அள்ளி முதுகில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு உருண்டது. கொட்டகைக்குள் பிறந்து கூடைக்குள் போன கோழிக்கு மண்குளிப்பை யார் காட்டிக்கொடுத்தது? அம்மம்மா ஒரு சிரட்டை அடுப்புச் சாம்பலைக் கொண்டுவந்து மண்ணில் கலந்துவிட்டார், பேனுக்கு நல்லது என்று.

ஜூலை 3

பழைய கருவாட்டுத் தலை போடலாமா என்று கேட்டவருக்கு: போடாதீர்கள். உப்பு கோழிக்கு ஆகாது, குஞ்சுக்கு உயிரே போகலாம். ஆனைக்கொய்யாவும் (அவகாடோ) அவிக்காத பயறு வகையும் வேண்டாம்.

'கறிக்கு எப்போது' என்று கேட்டவருக்கு: நாங்கள் கோழி சாப்பிடுகிற வீடுதான், மறைக்க ஒன்றும் இல்லை. இது எங்கள் கையில் வந்து விழுந்தது, இதை வளர்க்கிறோம். இரண்டும் ஒரே வீட்டில் இருப்பது எனக்கே சில இரவுகளில் பெரிய யோசனையாக இருக்கிறது. ஜூன் 19க்குப் பிறகு கடைக்குப் போவது குறைந்திருக்கிறது. அதற்கு மேல் சொல்ல இன்னும் தெளிவு இல்லை.

ஜூலை 21

கழுத்து இறகும் முதுகின் பின்பக்க இறகும் நுனி வட்டமாக வருகின்றன. சேவல் என்றால் கூராக, நீளமாக வரும். ஆகவே பேடுதான். நிறை 2 கிலோ 350. ஒரு மாதத்தில் 150 கிராம் மட்டுமே கூடியிருக்கிறது. வைத்தியருக்குச் சந்தோசம்.

ஆகஸ்ட் 6

தடுப்பூசி பற்றி. ராணிக்கட் என்பதும் நியூகாசில் என்பதும் ஒரே நோய். இங்கிலாந்து ஊரின் பெயர் ஒன்று, இந்திய ஊரின் பெயர் மற்றது. வந்தால் மருந்து இல்லை, முன்கூட்டித் தடுப்பதுதான். கண்ணில் ஒரு சொட்டு விடுவார்கள்.

கஷ்டம் என்னவென்றால் ஒரு குப்பியில் நூற்றுக்கணக்கான கோழிகளுக்கான மருந்து இருக்கும். குளிரில் வைத்து, கலக்கியபின் ஓரிரு மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். ஒரு கோழிக்காக அதை உடைக்க யாரும் விரும்பமாட்டார்கள். அதனால் எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாகப் போய்க் கேட்டேன். ஊர்க்கோழி வைத்திருக்கிற எல்லோரும் சேர்ந்து ஒரே காலையில் போட்டோம். முந்தின இரவே கரப்பால் மூடிப் பிடித்து வைத்திருந்தார்கள். சிலருக்கு இதுதான் முதல் தடவை. நுளம்பால் வரும் அம்மைக்கும் செட்டைத் தோலில் குத்தினோம், மாரிக்கு முன் போட்டுவைப்பது நல்லது என்றார்கள்.

ஆகஸ்ட் 20

நிறை 2 கிலோ 900. இது எப்படி? அளவு மாறவில்லை. தராசு பிழையா என்று ஒரு கிலோ சீனிப் பைக்கற்றைத் தொங்கவிட்டுப் பார்த்தேன், சரியாகத்தான் இருக்கிறது. வயிற்றில் நீர் கட்டினாலும் நிறை கூடும் என்று படித்ததால் நித்திரை வரவில்லை. வயிற்றைத் தொட்டால் மெத்தென்று இருக்கிறதே தவிர நீர்ப்பை போல இல்லை.

ஆகஸ்ட் 22

காரணம் தெரிந்துவிட்டது. இன்று வேலையால் நேரத்தோடு வந்தேன். குசினிக்குப் பின்னால் அம்மம்மா குந்தியிருக்கிறார், கையில் சோற்றுக்கோப்பை, தேங்காய்ப்பூவும் பிசைந்து. வெள்ளச்சி அவர் மடியில் ஒரு காலை வைத்து நின்று தின்கிறது.

நான் சத்தமாகப் பேசிவிட்டேன். இதயம் நிற்கும், சாகக் கொடுக்கிறீர்கள் என்று. அவர் ஒன்றும் சொல்லாமல் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். இரவு நான்தான் போய்ப் பக்கத்தில் இருந்தேன். அவர் சொன்னார்: "பசிச்ச சீவன் காலச் சுத்துது மனே. நான் தொண்ணூறாம் ஆண்டு அகதி முகாமில உங்கம்மாவோட ஒரு பிடி சோத்துக்கு இருந்தவள். எனக்குப் பாத்துக்கிட்டு இருக்க ஏலாது."

நான் அவரிடம் கச்சான் காற்று நாளை நினைவுபடுத்தினேன். செட்டையை விரித்துக் கிடந்ததை. அன்று அந்தச் சாக்கை நனைத்துக் கட்டியது அவர்தான். பசி இதற்கு உண்மை அம்மம்மா, ஆனால் தின்னத் தின்ன அடங்காத பசி, அடக்கப் பார்த்தால் நாங்களே கொன்றுவிடுவோம் என்றேன். நீண்ட நேரம் யோசித்தார். சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 23

காலையில் எழும்பிப் பார்த்தால் அம்மம்மா ஒரு பழைய பால்பேணியோடு நிற்கிறார். "எவ்வளவு எண்டு இதுல கோடு போட்டுத் தா." தராசில் 50 கிராம் நிறுத்துப் பேணிக்குள் கொட்டி, ஆணியால் கோடு கீறிக் கொடுத்தேன். இனித் தீன் போடும் வேலை தன்னுடையது என்கிறார்.

செப்டெம்பர் 30

2 கிலோ 700. குறைந்துவிட்டது!

வலது பாதத்தின் அடியில் கறுத்த பொருக்கு ஒன்று வந்திருக்கிறது. பாரமான கோழிக்கு வருவது, கிருமி உள்ளே போய்ச் சீழ் கட்டும். இளஞ்சூட்டு உப்புநீரில் பத்து நிமிடம் வைத்து, துடைத்து, அயடின் பூசிப் பன்டேஜ் சுற்றுகிறோம். வீங்கினால் நாமாக வெட்டக்கூடாது, வைத்தியரிடம்தான் போக வேண்டும். படுப்பதற்குப் போட்டிருந்த உயரமான கட்டையைக் கழற்றிவிட்டேன், அதில் இருந்து குதித்துத்தான் பாதம் அடிபட்டிருக்கிறது. இப்போது தரையோடு ஒரு பலகை மட்டும்.

நவம்பர் 28

இரண்டு நாளாக மின்சாரம் இல்லை, இப்போதுதான் வந்தது. இந்த மழையில் வளவுக்குள் முழங்கால் தண்ணீர். அம்பாறைப் பக்கம் மதரசாப் பிள்ளைகள் போன உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துப்போனதை எல்லோரும் அறிவீர்கள், அதற்கு முன் எங்கள் கதை ஒன்றுமே இல்லை. கேட்டவர்களுக்காகச் சொல்கிறேன், வெள்ளச்சி சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. கடதாசி மட்டும் விரித்தால் கால் வழுக்கி அகன்றுவிடும், மேலே சாக்கு போட்டிருக்கிறோம். நனைந்த உமியை முழுக்க அள்ளிக் கொட்ட வேண்டும், பூஞ்சணம் மூச்சில் போகும். 5 கிலோத் தீனும் அடியில் கட்டி பிடித்து மணக்கத் தொடங்கிவிட்டது, காய வைத்துப் போடலாம் என்று அப்பா சொன்னார், விடவில்லை. பூஞ்சணத் தீனில் உள்ள நஞ்சு காய்ந்தாலும் போகாது.

டிசெம்பர் 19

முட்டை! மேசைக்கடியில், சாக்கு மடிப்புக்குள். இனி முட்டைக்கோழித் தீனுக்கு மாறலாம் என்று வைத்தியர் சொல்லிவிட்டார், கிளிஞ்சல் ஓட்டையும் இடித்துத் தனியாக வைத்திருக்கிறோம். இரண்டு நேரத்துக்கும் சேர்த்து 120 கிராம்.

2025 ஜனவரி 12

புதிதாகப் புறொய்லர் ஒன்றைக் கையில் எடுத்து இங்கே வந்தவருக்கு: ஜூன் 19ஐயும் ஜூலை 2ஐயும் முதலில் படியுங்கள். ஜூன் 17ஐ நம்பாதீர்கள், அழிக்காமல் வைத்திருப்பது மற்றவர்களும் அப்படித்தான் தொடங்குவார்கள் என்பதால்.

நிறை 2 கிலோ 950. பாதம் ஆறிவிட்டது. நடை கொஞ்சம் ஆட்டம், ஆனால் வேப்பமரம்வரை தானாகப் போய் வருகிறது. எவ்வளவு காலம் இருக்கும் என்று வைத்தியரிடம் நான் கேட்கவில்லை.

பேணியில் இப்போது இரண்டாவது கோடு இருக்கிறது, 60 கிராமுக்கு. அம்மம்மா கோட்டுக்கு மேலே நிற்கும் தீனை விரலால் வழித்துத் திரும்பப் பைக்குள் போட்டுவிட்டு, கையில் ஒட்டியதை மட்டும் அதற்கு நீட்டுகிறார். அதை நான் பார்க்காதது போல இருந்துவிடுகிறேன்.